போன் செத்தாலும் லாகின் ஆக வேண்டும்: அதற்கு இப்போதே செய்து வைக்க வேண்டியவை

அன்றைக்கு ஆன்-கால் முறை என்னுடையது, அதாவது இரவில் அலுவலக சர்வரில் பிரச்சினை என்றால் நான்தான் பார்க்க வேண்டும். இரவு பதினொன்றரை மணி இருக்கும், மேசை விளிம்பில் இருந்த போன் தரையில் விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை, ஆனால் திரை மட்டும் கறுத்துவிட்டது. உள்ளே உயிர் இருக்கிறது, மணி அடிக்கிறது, அதிர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், எடுக்கத்தான் முடியவில்லை. சரி, லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) 6 இலக்க கோடு கேட்டது. அந்தக் கோடு போனில். மின்னஞ்சலில் குழுவுக்கு எழுதலாம் என்றால், அன்று காலைதான் பிரவுசரில் குக்கீ எல்லாம் அழித்திருந்தேன், அதனால் மின்னஞ்சலும் கோடு கேட்டது. அதற்கான மாற்றுக் கோடுகள், கடவுச்சொற்களை எல்லாம் சேர்த்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருந்தன. மேனேஜரோ, இது புதிய கருவியாகத் தெரிகிறது, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு கோடு அனுப்பியிருக்கிறோம் என்றது. மின்னஞ்சலுக்குப் போக மேனேஜர் வேண்டும், மேனேஜருக்குப் போக மின்னஞ்சல் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மென்பொருள் தொழிலில் இருக்கும் நாம் சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று ஆவணம் எழுதி வைக்கிறோம், பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்கிறோம், ஒத்திகை நடத்துகிறோம். ஆனால் அந்த சர்வருக்குள் நுழையும் ஒரே கதவு நம் சட்டைப்பையில் இருக்கும் போன் என்பதையும், அது எந்த நிமிடமும் உடையலாம், தொலையலாம், தண்ணீரில் விழலாம் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் எடுக்கவில்லை. அதன்பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி அமைத்தேன், அப்புறம் போனை அணைத்துவிட்டு ஒத்திகையும் பார்த்தேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கணினியில் வேண்டாம், தாளிலேயே வரையுங்கள். உங்கள் முக்கியமான கணக்குகளை வட்டங்களாகப் போடுங்கள்: முதன்மை மின்னஞ்சல், பாஸ்வேர்ட் மேனேஜர், ஆத்தென்டிகேட்டர் ஆப் (லாகின் கோடு காட்டும் ஆப்), போன் எண், வங்கி, அலுவலக லாகின், நாம் எழுதும் நிரலை வைத்திருக்கும் இடம் (கிட்ஹப் போல), கிளவுட் கணக்கு, லேப்டாப். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே ஒரு கேள்வி: முற்றிலும் புதிய கணினியில் இருந்து இதற்குள் நுழைய எனக்கு எதெல்லாம் வேண்டும்? அந்த "எது" எங்கே இருக்கிறதோ அங்கே ஓர் அம்புக்குறி போடுங்கள்.

பத்து நிமிடத்தில் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, ஏறக்குறைய எல்லா அம்புகளும் போனில் போய் முடியும். இரண்டு, எங்காவது ஒரு சுழல் இருக்கும், எனக்கு இருந்த மின்னஞ்சல்–மேனேஜர் சுழல் போல. நிரலின் எந்தப் பகுதி எதைச் சார்ந்திருக்கிறது என்ற டிபெண்டன்சி வரைபடத்தில் சுழல் இருந்தால் பில்ட் ஆகாது என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். சுழலை உடைக்க ஒரே வழி, மின்சாரமோ நெட்வொர்க்கோ தேவைப்படாத ஒரு தொடக்கப் புள்ளி: உங்கள் நினைவில் இருக்கும் ஒரு கடவுச்சொல், ஒரு தாளில் இருக்கும் சில கோடுகள். மற்ற எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளம்பிப் போக முடிய வேண்டும். கீழே சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

சிம் கார்டைப் பற்றிச் சுருக்கமாக

போன் எண்ணை அந்தத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளக் கூடாது. யாராவது உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும், இது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. வேறு வழியே தராத சேவைகளுக்கு மட்டும் எஸ்எம்எஸ் இருக்கட்டும்.

சிம்முக்குத் தனியாக ஒரு பின் எண் போட முடியும் என்பது பலருக்கு ஞாபகமே இல்லை. திரைப்பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். சிம் பின் இருந்தால் வராது. செட்டிங்ஸில் போய் இயக்குங்கள், ஆனால் ஆபரேட்டர் ஏற்கெனவே வைத்திருக்கும் பின் எது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 3 முறை தவறாகப் போட்டால் பூட்டிய சிம்மைத் திறக்கும் 8 இலக்க பியூகே எண் கேட்கும், அதை 10 முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் போய்விடும். பியூகே எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அப்படியே *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்) எழுதுங்கள், போன் தொலைந்தபின் புகார் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதுங்கள்.

போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் சிம் என்றால் திரை செத்த போனிலிருந்து கழற்றி ஒரு பழைய போனில் போட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிபி வாங்கலாம். இசிம்மை அப்படிக் கழற்ற முடியாது. புதிய போனுக்கு மாற்றித் தர உங்கள் ஆபரேட்டர் என்ன கேட்பார், ஆன்லைனில் முடியுமா, நேரில்தான் போக வேண்டுமா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய திரையிலேயே மெசேஜ் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அணையுங்கள். ஓடிபி படிக்கப் பூட்டைத் திறக்கவே வேண்டாம் என்றால் பூட்டு எதற்கு?

ஆத்தென்டிகேட்டர்: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம்

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டூ-ஃபேக்டர் (கடவுச்சொல்லோடு இரண்டாவதாக ஒரு கோடும் கேட்கும் முறை) அமைக்கும்போது ஒரு க்யூஆர் கோடு காட்டுகிறார்களே, அதற்குள் இருப்பது ஒரு ரகசியச் சரம். அந்தச் சரம் சேவையின் சர்வரிலும் இருக்கிறது, உங்கள் ஆப்பிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சரத்தையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 6 இலக்க எண் ஒன்றை எடுக்கிறார்கள், பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு எண். 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தர ஆவணத்தில் தரப்படுத்தப்பட்ட முறை இது. இதற்கு நெட்வொர்க் வேண்டாம், சிம் வேண்டாம், குறிப்பிட்ட கம்பெனியின் ஆப்தான் வேண்டும் என்பதும் இல்லை. சரமும் சரியான கடிகாரமும் இருந்தால் போதும்.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாகவே வருகின்றன. ஒரே க்யூஆர் கோடை இரண்டு கருவிகளில் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் ஒரே எண்தான் வரும். ஆக, புதிய கணக்கு அமைக்கும்போது அந்தத் திரையை மூடுவதற்கு முன் இரண்டாவது கருவியிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள், பத்து விநாடி வேலை. மூடிவிட்டால் பெரும்பாலான சேவைகள் அதே கோடை மறுபடி காட்டாது, டூ-ஃபேக்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அந்த க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்தப் படமே சாவி, அது போட்டோக்களோடு சேர்ந்து கிளவுடுக்குப் போகிறது, கேலரி அனுமதி வாங்கிய ஒவ்வொரு ஆப்பும் அதைப் பார்க்க முடியும்.

சில சமயம் ஆப் எண் காட்டும், நீங்களும் சரியாகத்தான் போடுவீர்கள், ஆனால் சேவை ஏற்காது. பலர் பதறிப்போய் கணக்கையே ரீசெட் செய்கிறார்கள். முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால், அல்லது போன் ரொம்ப நாள் நெட்வொர்க் இல்லாமல் கிடந்து கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் தள்ளிப்போயிருந்தால் எண் தவறாகத்தான் வரும். தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும்.

இப்போது உங்கள் ஆப்பில் உள்ள கணக்குகள் புதிய போனுக்கு எப்படி வரும் என்று பாருங்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் வரை கிளவுட் சிங்க் (இணையத்தில் தானாக நகல் வைப்பது) கிடையாது, அதற்கு முன் போனைத் தொலைத்த பலர் ஆப்பில் இருந்த எல்லாவற்றையும் தொலைத்தார்கள். இப்போது கூகுள் கணக்கோடு சிங்க் செய்யலாம். செய்யுங்கள், ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையத் தேவையான கோடே அந்த ஆப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றால் மறுபடி சுழல்தான். இன்னொன்று, எண்ணைப் போடாமல் "நீங்கள்தானா?" என்று கேட்டு ஆம் அழுத்தச் சொல்லும் வகை. அது பெரும்பாலும் அந்த ஒரு போனோடு கட்டப்பட்டது, பேக்கப்பிலிருந்து மீட்டாலும் அலுவலகக் கணக்குக்கு மறுபடி பதிவு செய்ய வேண்டி வரலாம். உங்கள் ஐடி குழுவிடம் ஒரு வரி கேட்டு வையுங்கள்: என் போன் தொலைந்தால் நான் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும், நான்தான் என்று எப்படி நிரூபிக்க வேண்டும்? இந்தப் பதிலும் தாளுக்கு வர வேண்டும்.

இரண்டாவது கருவியாக நான் பழைய போனையே வைத்திருக்கிறேன். முழுவதும் அழித்து, ஆத்தென்டிகேட்டர் தவிர வேறெதுவும் போடாமல், ஏர்பிளேன் மோடில், அலமாரிக்குள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனாக இருந்தாலும் நெட்டுக்கே போகாததால் பெரிய பயமில்லை. மாதம் ஒருமுறை எடுத்து சார்ஜ் பாதி அளவுக்கு ஏற்றி, கடிகாரம் சரியா என்று மட்டும் பார்க்கிறேன். பேட்டரி உப்பியது போல் தெரிந்தால் யோசிக்காமல் அந்த போனை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

லாகினுக்கென்றே கணினியில் செருகும் சின்னக் கருவியான யுஎஸ்பி செக்யூரிட்டி கீ வாங்க முடிந்தால் அது இதைவிட நல்லது, ஏனென்றால் அது இணையதள முகவரியையும் சேர்த்துச் சரிபார்க்கிறது, போலித் தளத்தில் நீங்களே ஏமாந்தாலும் அது ஏமாறாது. ஆனால் ஒன்று மட்டும் வாங்காதீர்கள். இரண்டு வாங்கி இரண்டையும் எல்லாக் கணக்கிலும் பதிந்து, ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று வீட்டில். ஒன்று மட்டும் வைத்திருப்பதும் ஒரே போனை நம்பியிருப்பதும் ஒன்றுதான்.

கடவுச்சொல்லுக்குப் பதில் கருவியில் இருக்கும் சாவியால் லாகின் செய்யும் பாஸ்கீயும் இதே குடும்பம்தான், நான் அதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன், தினசரி லாகினை அது உண்மையிலேயே எளிதாக்கிவிட்டது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் சிங்க் ஆகும் பாஸ்கீ, அந்தக் கணக்கு திறந்தால்தான் திறக்கும். புதிய கருவியில் ஐக்ளவுட் கீசெயினை (ஆப்பிளில் கடவுச்சொற்களும் பாஸ்கீகளும் இருக்கும் இடம்) மீட்கும்போது பழைய கருவியின் திரைப்பூட்டு எண்ணைக் கேட்கும். மாதக்கணக்கில் கைரேகையிலும் முகத்திலும் திறந்து பழகியவர்களுக்கு அந்த எண் மறந்துபோயிருக்கும். வாரம் ஒருமுறையாவது எண்ணைப் போட்டே திறங்கள், விரல்கள் மறக்காமல் இருக்கட்டும்.

ரெக்கவரி கோடு: அச்சிட்ட தாள்தான் வேர்

ஆத்தென்டிகேட்டர் எண் கிடைக்காதபோது அதற்குப் பதிலாகப் போடும் மாற்றுக் கோடுகள்தான் இவை. கூகுள் 8 இலக்க கோடுகள் 10 தரும். கிட்ஹப் 16 தரும். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். புதிய தொகுப்பு உருவாக்கினால் பழைய தொகுப்பு அத்தனையும் செல்லாது, இதை நன்றாக நினைவில் வையுங்கள், ஏன் என்று ஒத்திகைப் பகுதியில் சொல்கிறேன். அமைக்கும்போது "டவுன்லோட்" என்று அழுத்திவிட்டு அந்த ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவிடுவது நம் எல்லோருடைய பழக்கமும். அந்த ஃபைலைத் தேடி எடுங்கள், அச்சிடுங்கள், ஃபைலை அழித்துவிடுங்கள்.

அச்சிட முடியாவிட்டால் கையால் எழுதலாம், ஆனால் எழுத்துகளும் எண்களும் கலந்த கோடுகளில் பூஜ்யத்துக்கும் "ஓ" எழுத்துக்கும், ஒன்றுக்கும் "எல்" எழுத்துக்கும் வித்தியாசம் தெரியும்படி எழுதுங்கள். நான் பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் போடுகிறேன். எழுதி முடித்ததும் ஒரு கோடை உண்மையிலேயே பயன்படுத்தி உள்ளே போய்ப் பாருங்கள், அப்புறம் அதை அடித்துவிடுங்கள். தாளின் மேல் எந்தக் கணக்கு, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுவது கட்டாயம்.

தாளில் எழுதி வைப்பது பாதுகாப்பா என்று கேட்பார்கள். நம் கணக்குகளைக் குறி வைக்கிறவர்கள் பெரும்பாலும் நெட்டின் மறுமுனையில் இருக்கிறார்கள், அங்கிருந்து உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. வீட்டுக்குள் வருகிற திருடனுக்கு அந்தத் தாள் மட்டும் கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமல் பயனில்லை, அதனால் கோடுகள் இருக்கும் தாளில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள். சான்றிதழ்கள் வைக்கும் கோப்பில் ஒரு பிரதி, நீங்கள் முழுதாக நம்பும் ஒருவர் வீட்டில் ஒட்டிய உறையில் இன்னொரு பிரதி. தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்து பயனில்லை.

பாஸ்வேர்ட் மேனேஜரின் முதன்மைக் கடவுச்சொல்லையும் எழுதி வைக்கலாமா? நான் எழுதி வைத்திருக்கிறேன், தனி உறையில், வேறு இடத்தில். காய்ச்சலிலோ விபத்திலோ ஒரு மாதம் கணினியைத் தொடாமல் இருந்துவிட்டு வந்து பத்து வருடக் கடவுச்சொற்களை இழப்பதைவிட அது மேல். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழி. சில மேனேஜர்களில் நம்பகமான ஒருவர் கோரிக்கை வைத்து, நாம் குறித்த நாட்கள் வரை மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும் அவசர அனுமதி வசதி இருக்கிறது, பிட்வார்டனில் உண்டு. 1பாஸ்வேர்ட் என்ற மேனேஜரைப் பயன்படுத்தினால் புதிய கருவியில் கடவுச்சொல்லோடு சீக்ரெட் கீயும் கேட்கும், அது நினைவில் நிற்கிற நீளம் இல்லை, அச்சிட்டே ஆக வேண்டும்.

கடவுச்சொல்லையே சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களின் தொடராக வையுங்கள். மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனமே 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

லேப்டாப்பின் சாவியும் போனில்தானா?

விண்டோஸில் டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்குக்குள் போக போனில் கோடு. போன் இல்லாத அன்றே இதுவும் வந்தால்? அச்சிட்டு அதே உறையில் போடுங்கள். மேக்கில் அதே வேலையைச் செய்யும் ஃபைல்வால்டின் ரெக்கவரி கீயும் அப்படியே. லினக்ஸில் லக்ஸ் என்கிரிப்ஷன் வைத்திருப்பவர்கள் அதன் ஹெடரை (சாவி விவரம் இருக்கும் பகுதி) தனியாக பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள், அந்தச் சின்னப் பகுதி கெட்டுப்போனால் கடவுச்சொல் சரியாக இருந்தும் தரவைத் திறக்க முடியாது.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவி விஷயத்தில், ஒரே பிரைவேட் கீயை எல்லாக் கணினியிலும் காப்பி செய்து வைக்காதீர்கள். கணினிக்கு ஒன்று என்று உருவாக்கி, எல்லா பப்ளிக் கீகளையும் சர்வரில் சேர்த்து வையுங்கள். ஒரு லேப்டாப் தொலைந்தால் அதன் சாவியை மட்டும் நீக்கிவிட்டு மற்றொன்றில் வேலையைத் தொடரலாம். அப்புறம், நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் இன்னும் சர்வருக்குப் புஷ் செய்யாத பிராஞ்ச், ஸ்டாஷில் போட்டு மறந்த வேலை, கிட்டுக்குள் வராத கான்ஃபிக் ஃபைல்கள், இவை லேப்டாப் போனால் போனதுதான். வாரம் ஒருமுறை பாருங்கள்.

போட்டோவும் அரட்டையும்

சிங்க் என்பது பேக்கப் இல்லை. ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் அழியும், அதுதான் சிங்க்கின் வேலையே. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், ஐக்ளவுடில் 30 நாள், அதன்பின் கிடையாது. மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கி வைத்தாலே பாதி நிம்மதி.

வாட்ஸ்ஆப்பில் 2021 முதல் பேக்கப்பையும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ட் செய்யலாம். அதற்குக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைக்கச் சொல்வார்கள். அது போனால் வாட்ஸ்ஆப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் எந்த முறை வைத்தீர்கள் என்பதும் தாளுக்கு வர வேண்டும். டூ-ஸ்டெப் பின் எண்ணையும் இயக்குங்கள், உங்கள் சிம்மை யாராவது கைப்பற்றினாலும் அந்த 6 இலக்கம் தெரியாமல் உடனே கணக்கை எடுக்க முடியாது.

ஒத்திகை

வேலை இல்லாத ஒரு நாளில் செய்யுங்கள். போனை அணைத்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், கேட்டாலும் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். லேப்டாப்பில் புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதற்குள் போய்த் தொடங்குங்கள். வழக்கமான பிரவுசரில் இன்காக்னிடோ விண்டோ திறந்து பார்ப்பது போதாது, மேனேஜர் ஆப்பும் எஸ்எஸ்எச் சாவிகளும் அதே யூசரில் தயாராக இருக்கும், அவை உங்களுக்கு உதவுவது உங்களுக்கே தெரியாது. அடுத்தவர் கணினியில் செய்ய வேண்டாம், உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை அங்கே டைப் செய்யக் கூடாது.

கையில் இருக்க வேண்டியது தாள், மூளை, அவ்வளவுதான். முதலில் மேனேஜர், பிறகு மின்னஞ்சல் (மேனேஜர் மின்னஞ்சலுக்குக் கோடு அனுப்பினால் மின்னஞ்சல் முதலில்), பிறகு அலுவலகம், பிறகு மற்றவை. எங்கே நின்றாலும் நின்ற இடத்தை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "கடவுச்சொல் மறந்துவிட்டது" பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள், சில சேவைகள் அந்த வழியில் போனால் நாள்கணக்கில் காத்திருக்க வைக்கும். தவறான கோடு இரண்டு முறைக்கு மேல் போட வேண்டாம்.

என் முதல் ஒத்திகையில் மூன்று இடத்தில் நின்றேன். முதலாவது, மின்னஞ்சலின் மாற்று முகவரியாக வைத்திருந்தது எப்போதோ விட்டுவந்த வேலையின் முகவரி. அது மூடப்பட்டு வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டாவது, நான் பத்திரமாக வைத்திருந்த கோடுத் தாள் பழைய தொகுப்பு; நடுவில் எப்போதோ புதிய தொகுப்பு உருவாக்கி அதை மேனேஜரில் மட்டும் போட்டிருந்தேன், தாளை மாற்றவில்லை, தேதி எழுதாததால் தெரியவும் இல்லை. இந்த இரண்டும் சரியாக இருந்திருந்தால் அந்த இரவே நான் உள்ளே போயிருப்பேன். மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. சக ஊழியர் ஒருவரின் போன் எண்கூட எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்களின் எண்ணிலேயே ஒன்றுதான் முழுசாக வந்தது. இப்போது தாளின் பின்பக்கத்தில் எட்டு எண்கள் இருக்கின்றன.

திருத்திய பிறகு இன்னொரு முறை செய்தேன், எங்கும் நிற்கவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன், காலண்டரில் போட்டிருக்கிறேன். வேலை மாறினால், போன் மாற்றினால், எண் மாற்றினால் அந்த வாரமே ஒருமுறை.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால்

முதலில் வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள், பாதி நேரம் சோபாவின் இடுக்கில்தான் இருக்கும். இல்லை என்றால் தேடும் சேவையைத் திறங்கள். ஐபோன் என்றால் ஐக்ளவுட் தளத்தின் ஃபைண்ட் பகுதிக்கு இரண்டாம் கோடு கேட்காது, கடவுச்சொல் போதும், ஏனென்றால் கோடு வர வேண்டிய போனையே நீங்கள் தொலைத்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் ஃபைண்ட் ஹப், முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததுதான். முதலில் பூட்டுங்கள், திரையில் ஒரு தொடர்பு எண் காட்டச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அதன்பின் இடம் காட்டாது, அதனால் திரும்பாது என்று உறுதியான பிறகே அழியுங்கள்.

அடுத்து ஆபரேட்டரை அழைத்து சிம்மை முடக்குங்கள், வங்கியிடம் சொல்லுங்கள், மின்னஞ்சலில் எல்லா லாகின்களையும் வெளியேற்றுங்கள். அலுவலகத்துக்கு அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். நாளைக்குக் கிடைத்துவிடும் என்று காத்திருந்து மறைப்பதுதான் இதில் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, உங்கள் செஷன்களை வெட்டுவது அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை, ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தான்.

சில நாள் கழித்து, உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் லாகின் செய்யுங்கள் என்று எஸ்எம்எஸ் வரலாம். அது திருடியவர்கள் அனுப்புவது. ஐபோன் என்றால், உங்கள் ஆப்பிள் கடவுச்சொல் கிடைக்காமல் அதைப் பயன்படுத்தக்கூடிய போனாக அவர்களால் விற்க முடியாது. லிங்கைத் தொடாதீர்கள், கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கச் சொல்லிக் கேட்டாலும் நீக்காதீர்கள். ஐபோனில் 2024 ஜனவரியில் 17.3 பதிப்போடு வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியை இப்போதே இயக்கி வையுங்கள், பழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்து முகத்தையோ விரலையோ மறுபடி கேட்கும்.

புதிய போன் வந்ததும்

பழைய போன் கையில் இருந்தால் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்த அன்றே அதை அழிக்காதீர்கள். இரண்டு வாரம் அலமாரியில் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஏதோ ஒரு கணக்கு, ஏதோ ஒரு வங்கி ஆப், பழைய போனைத் தேடும். ஆத்தென்டிகேட்டரில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கையை இரண்டு போனிலும் எண்ணிப் பாருங்கள், பேக்கப்பில் வராதது ஒன்றிரண்டு இருக்கும்.

பிறகு கொடுக்கவோ விற்கவோ போவதாக இருந்தால் முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அதன்பிறகு ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால் ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் பூட்டு வாங்கியவரிடம் உங்கள் பழைய கணக்கைத்தான் கேட்கும். இசிம் இருந்தால் அதையும் நீக்கச் சொல்லி ரீசெட் திரையில் தனியாக ஒரு டிக் இருக்கும், புதிய போனில் எண் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அதைப் போடுங்கள். கடைசியாக, தாளில் பழைய ஐஎம்இஐ எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, பக்கத்தில் தேதி போடுங்கள்.